பெரிய டிரம்மின் இரட்டை அடி

மார்ச் 2

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நலம். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாக டாக்டர் சொல்கிறார். ஏப்ரலில் அறுவை சிகிச்சை. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளி பேண்டின் பொன்விழா மலரில் அச்சாகப்போகும் பக்கங்களை, சரிபார்த்துத் தரச் சொல்லித் தட்டுக்காரன் பழைய ஆட்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அன்று பேண்டில் பித்தளைத் தட்டு அடித்தவன் இன்று விழாக் குழுச் செயலாளர். எனக்கும் ஒரு கட்டு வந்தது. பதினேழாம் பக்கத்தில் உங்கள் கட்டுரை. நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நகரத்து அணிவகுப்புக்கு நாம் போய்வந்த கதை. பேருந்துப் பாட்டு, ஜன்னல் காற்று, புதுச் சீருடை எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பிறகு இது:

"மேடையை நெருங்கிய வேளையில், பெரிய டிரம் வாசித்த நண்பர் தவறுதலாக இரட்டை அடி அடித்துவிட, பேண்டு முழுவதும் நின்றுபோனது. அன்று நாங்கள் தலைகுனிந்து திரும்பியது அந்த ஒரு தவறால்தான்."

"பேர் போடலையேப்பா, விடேன்" என்று தட்டுக்காரன் போனில் சமாதானம் சொன்னான். பேண்டில் டிரம்பெட் எட்டு, கிளாரினெட் ஆறு, சைடு டிரம் ஆறு. பெரிய டிரம் எத்தனை? ஒன்று. இதற்கு என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டிருக்கலாம்.

இரட்டை அடி என்றால் என்ன என்று மலரைப் படிக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் விளக்கவும் இல்லை. நான் விளக்குகிறேன். பேண்டுக்கு முன்னால் கோல் பிடித்து நடக்கிறவன் கோலைத் தலைக்கு மேல் கிடையாக உயர்த்தினால், பாட்டை நிறுத்து என்று அர்த்தம். ஊதுகிறவன் எல்லோரும் கோலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதைப் பார்ப்பது பெரிய டிரம்காரன் வேலை. பார்த்ததும் இரண்டு அடி, இடைவெளி இல்லாமல். அது விழுந்தால் வாத்தியம் உதட்டைவிட்டு இறங்க வேண்டும். சரியா தப்பா என்று யாரும் யோசிக்கக் கூடாது. பேண்டு மாஸ்டர் ஆறு மாதம் அடித்து அடித்துப் பழக்கியது அதைத்தான்.

அன்று கோல் பிடித்தது நீங்கள். கோல் உயர்ந்தது, நான் அடித்தேன். நடந்தது இவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் தண்ணீர் மோட்டார் எரிந்தால் முப்பது வருடமாக நான்தான் போய்ச் செம்புக் கம்பிக் காயில் கட்டித் தருகிறேன். பிள்ளைகள் என்னை 'மோட்டார் தாத்தா' என்கிறார்கள். இந்த மலர் ஒவ்வொரு பிள்ளை கைக்கும் போகும், நூலகத்திலும் இருக்கும். நான் போன பிறகும் இருக்கும்.

25ஆம் தேதி அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் அந்த இரண்டு வாக்கியத்தையும் எடுத்துவிட வேண்டும். பதிலை எழுத்தில் அனுப்பவும். போனில் நீங்கள் பேசுவீர்கள், மறுநாள் அப்படிச் சொல்லவே இல்லை என்பீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்


மார்ச் 7

மாப்பிள்ளைக்கு,

நாற்பது வருட உறவில் முதல் தடவையாக என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கோபம் முற்றினால் மரியாதை வந்துவிடும் என்று தங்கை முன்பே சொல்லியிருக்கிறாள். என்னால் அதற்கெல்லாம் ஆகாது. பழையபடி நீ, நான்தான்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன், போதுமா? நான் நன்றாக இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. காவல்துறை பேண்டில் முப்பத்திரண்டு வருடம் நடந்த நடைக்கு இது பரிசு. மூன்று தடவை உனக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் வெட்டிவிட்டாய். கடிதம்தான் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்.

அந்த வாக்கியத்தை எடுக்க மாட்டேன்.

கோலை நான் உயர்த்தவில்லை. மேடைக்கு அறுபது அடி இருக்கும்போது எவனாவது பாட்டை நிறுத்தச் சொல்வானா? அந்த மேடையைத் தாண்டுகிற ஒரு நிமிடத்துக்காகத்தான் பன்னிரண்டு மணி நேரம் பேருந்தில் முதுகு ஒடியப் போனோம். நான் கோலைச் சுழற்றிக்கொண்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு அடி விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

அந்த ஒன்றும் இல்லாததை நீ கேட்டதில்லை. நீ கூட்டத்துக்குள் இருந்தாய். நான் முன்னால் தனியாக இருந்தேன். இரண்டு பக்கமும் ஜனம். நடுவில் என் பூட்ஸ் சத்தம் மட்டும். வாத்தியம் இறங்கினால் அடுத்த அடியில் நிற்பது உங்கள் பழக்கம், எல்லோரும் நின்றுவிட்டீர்கள். நான் கோலைச் சுழற்றிக்கொண்டே போனேன். மேடைக்கு முன்னால் சலாம் வைத்தேன், பின்னால் ஒருவனும் இல்லாமல். அறுபது அடிக்கு மேல் அப்படி நடந்தேன். ஓரத்தில் ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐயோ பாவம், இந்தப் புள்ள வழி தெரியாம வந்துருச்சு போல." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் வந்த பேண்டு உங்கள் முதுகில் முட்டி நின்றது.

கோல் உயர்ந்ததைப் பார்த்தேன் என்கிறாய். எதை வைத்துப் பார்த்தாய்? நம் டிரம் கிழிந்து, நாம் தங்கிய அந்த ஊர்ப் பள்ளியில் இரவல் வாங்கிய டிரம் உனக்கு. அது உன்னைவிடப் பெரிது. நெஞ்சில் மாட்டிக்கொண்டு நின்றபோது இரண்டு கால் முளைத்த பீப்பாய் மாதிரி இருந்தாய். அன்றிலிருந்துதானே உனக்குப் பீப்பாய் என்று பெயர். அந்த விளிம்புக்கு மேலே உன் தொப்பி இறகு மட்டும்தான் தெரிந்தது. நீ கோலைப் பார்த்தாயாம்!

'தவறுதலாக' என்று நாகரிகமாகத்தான் எழுதியிருக்கிறேன். பையன், பதற்றத்தில் கை தவறிவிட்டது என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதற்கே இத்தனை குதியா?

தங்கையின் அறுவை சிகிச்சைத் தேதியை எழுது.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 11

கொக்குக்கு,

மரியாதை வேண்டாம் என்றாய். சரி. பேண்டில் உன்னைக் கூப்பிட்ட பெயராலேயே கூப்பிடுகிறேன். நெட்டையாக இருந்ததால் கோல் பிடித்தாய். வேறு தகுதி என்ன இருந்தது? டிரம்பெட் கொடுத்தார்கள், காற்றுதான் வந்தது. கிளாரினெட் கொடுத்தார்கள், வாத்து கத்தியது.

இரவல் டிரம்மைப் பற்றி நீயே பேச்சை எடுத்தது நல்லதாகப் போயிற்று. நம் டிரம் எப்படிக் கிழிந்தது? அதை ஏன் மலரில் எழுதவில்லை? பேருந்துப் பாட்டு வரைக்கும் ஞாபகம் இருக்கிறவனுக்கு அது மட்டும் மறந்துவிட்டதா?

அதையும் நான் எழுதுகிறேன்.

அந்த டிரம்மை என் சொந்தப் போர்வையில் சுற்றி, பேருந்தின் கடைசியில் நடுப்பாதையில் படுக்கவைத்தேன். வண்டி ஆடினால் நகரக் கூடாது என்று இரண்டு பக்கமும் பெட்டி முட்டுக்கொடுத்தேன். வழி நெடுக அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு இடத்தில் வண்டி நின்றது. தண்ணீர் குடிக்க எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். பத்து நிமிடம் இருக்கும்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பள்ளி மைதானத்தில் சாமான்களை இறக்கிப் போர்வையை அவிழ்த்தால், தோல் விளிம்புக்கு விளிம்பு கிழிந்து தொங்குகிறது. மாஸ்டர் வந்தார். "இதை வச்சது யாரு?" என்றார். "நான் சார்" என்றேன். அடுத்த வார்த்தை பேசுவதற்குள் கன்னத்தில் விழுந்தது. நாற்பது பேர் முன்னால். "ஒரு சாமானைப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடா டிரம்மு?" என்றார். அந்த ஊர்ப் பையன்கள் நம்மை வேடிக்கை பார்க்க வேலி ஓரம் வந்து நின்றிருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள்.

நான் அப்போது மாஸ்டரைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த பூட்ஸை அன்று மத்தியானமே நான் ஒரு தடவை பார்த்திருந்தேன். தண்ணீர்க் குழாய் பேருந்துக்குப் பின்பக்கம் இருந்தது. குடித்துவிட்டு நிமிர்ந்தால் வண்டியின் பின் கண்ணாடி. உள்ளே ஒருத்தன் என் போர்வை மேல் ஏறி நிற்கிறான். முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிறது. பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸ். நமக்கெல்லாம் கான்வாஸ் ஷூ. பேண்டில் பூட்ஸ் ஒரே ஒருத்தனுக்குத்தான்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். காட்டிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நீயாக வந்து சொல்வாய் என்று இருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் மாஸ்டர் டிரம்மை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் மேசையில் டம் டம் என்று இரண்டு தட்டு தட்டுவார்கள். மூன்று மாதம் பார்த்தேன். பத்தாம் வகுப்போடு போதும் என்று நின்றுவிட்டேன். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் போட்டு, காயில் எத்தனை சுற்று என்று ஒவ்வொன்றாக எண்ணி, யாரும் சொல்லித்தராமல் தொழிலைக் கற்றுக்கொண்டேன். அது என் கெட்டிக்காரத்தனம். அதில் உனக்குப் பங்கு இல்லை. பிறகு உன் தங்கையைக் கட்டினேன். அதற்கப்புறம் எடுத்தால் குடும்பச் சண்டை ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியிருக்கிறது என்ற தைரியத்தில் நீ மலரில் எழுதுகிறாய்.

உன் தங்கைக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இன்றுதான் அவளுக்கு இதெல்லாம் தெரியும். "ரெண்டு கிழவங்களும் இன்னும் அந்த ரோட்டுலயேதான் நிக்கிறீங்க" என்று எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. உன்னோடு பேசினாளா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அறுவை சிகிச்சை ஏப்ரல் 12.

பீப்பாய்


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

ஆமாம், ஏறினேன். இப்போது என்ன செய்யப்போகிறாய்?

மேல் தட்டில் தொப்பிப் பெட்டி இருந்தது. இறகு வைத்த தொப்பியை மறுநாள்தான் போட வேண்டும் என்று மாஸ்டர் பூட்டி வைத்திருந்தார். பூட்டு சரியாக விழவில்லை என்று எனக்குத் தெரியும். வண்டி காலியாக இருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆசை. பதினேழு வயது. போர்வைக்குள் இருப்பது டிரம் என்று பார்க்கவில்லை. பெட்டி என்று ஏறினேன். காலுக்குக் கீழே ஏதோ கொடுத்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. இறங்கிவிட்டேன். கிழிந்திருக்காது என்று சாயங்காலம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ அறை வாங்கியபோது நான் குனிந்ததும் உண்மை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன் என்கிறாயே, நான் சொன்னேன். உன்னிடம் இல்லை, மாஸ்டரிடம். மறுநாள் காலையில், அணிவகுப்புக்கு முன்னால். நாம் தங்கியிருந்த வகுப்பறைகளுக்குப் பின்னால் வரிசையாகக் குழாய்கள் இருந்தன அல்லவா, அங்கே அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை அப்படியே வைத்துவிட்டார். பாதி முகத்தில் சோப்பு நுரை. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அவர் சொன்னது இது, வார்த்தைக்கு வார்த்தை:

"இப்ப யார்கிட்டயும் எதுவும் பேசாத. கோல் பிடிக்கிறவன் மூஞ்சி தொங்கிப் போச்சுன்னா மொத்தப் பேண்டும் தொங்கிரும். அணிவகுப்பு முடியட்டும். எல்லாரையும் நிக்க வச்சு, அவன் கையைப் பிடிச்சு, நானே மன்னிப்புக் கேக்குறேன். நீயும் கேக்குற."

பத்து மணிக்கு அணிவகுப்பு. பத்தரைக்கு மேடை. மேடையைத் தாண்டினால் தெருமுனை. தெருமுனையில் கலைந்ததும் அவர் உன்னைக் கூப்பிட இருந்தார். மேடைக்கு அறுபது அடி முன்னால் நீ கை தவறினாய்.

முடிந்ததும் மாஸ்டரிடம் போனேன். "சார், அவன்கிட்ட…" என்று ஆரம்பித்தேன். "இப்ப எந்த வாயால கேக்கச் சொல்ற? போடா" என்றார். ஊர் வரும்வரை அவர் தலை நிமிரவில்லை. அதற்கப்புறம் எனக்கும் தைரியம் வரவில்லை. இதில் என் தப்பு எவ்வளவு, உன் தப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. வாக்கியத்தில் இருப்பது நடந்தது. அது இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உனக்கு வயிறு எரியட்டும். அன்று மேடைக்குக் கீழே காவல்துறை பேண்டின் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கலைந்த பிறகு மாஸ்டரிடம் வந்து, "பின்னால பாட்டு நின்னும் திரும்பிப் பார்க்காம போனானே, அந்த நெட்டைப் பையன் எங்கே?" என்று கேட்டார். அடுத்த வருடம் வேலை. திரும்பாமல் நடந்தது வீரத்தால் இல்லை. திரும்பினால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயம். அந்தப் பயத்துக்குத்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

மச்சான்


மார்ச் 17

கொக்குக்கு,

பொய்.

மாஸ்டர் செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. செத்தவர் வாயில் எந்த வார்த்தையையும் போடலாம். சோப்பு நுரை வரைக்கும் சேர்த்துப் போடலாம்.

அவர் கடைசி நாளில் படுத்திருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டு மோட்டாரைச் சரிசெய்யத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. ஏதோ சொல்ல வந்தார். பேச்சு ஏற்கனவே போய்விட்டிருந்தது. நான் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ எழுதியது பொய்தான்.

பீப்பாய்


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

பொய் என்று எழுதிவிட்டு, அதை மெய்யாக்குகிற சாட்சியையும் நீயே எழுதி அனுப்பியிருக்கிறாய். உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்.

தங்கை நேற்று போன் செய்தாள். ஒரு மணி நேரம் திட்டினாள். உன்னை அரை மணி, என்னை அரை மணி. அவளுக்குப் பயந்து இதைச் செய்யவில்லை. பாதி அவளுக்குப் பயந்துதான்.

அச்சுக்குப் போக ஐந்து நாள் இருக்கிறது. வாக்கியத்தை மாற்றித் தட்டுக்காரனுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

"பயணத்தின்போது எங்கள் பெரிய டிரம் கிழிந்ததற்கு நானே காரணம். அதை நான் மறைத்தேன். அந்தப் பழி பெரிய டிரம் வாசித்த நண்பர் மேல் விழுந்தது. மறுநாள் பழக்கமில்லாத இரவல் டிரம்மைச் சுமந்து, எதிரே எதுவும் தெரியாத நிலையில், அவர் தவறுதலாக இரட்டை அடி அடித்தார். குற்றம் என்னுடையது, அவருடையது அல்ல."

கோல் உயர்ந்தது என்று மட்டும் எழுத மாட்டேன். உயரவில்லை. மற்றபடி நீ கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டேன். இனிமேல் இதைப் பற்றி எனக்கு எழுதாதே. எனக்கும் வயதாகிவிட்டது.

12ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை.

மச்சான்


மார்ச் 22

கொக்குக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருப்பேனா? இது கடைசி. கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையில் ஒரு மோட்டார் பிரித்தபடி கிடக்கிறது. வார்னிஷ் காயவில்லை.

உன் புதிய வாக்கியத்தை நான்கு தடவை படித்தேன். அதை ஏற்க முடியாது.

டிரம் கிழிந்த பகுதி இருக்கட்டும். அது நடந்தது. நீ எழுதியாக வேண்டியது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். நாற்பத்தெட்டு வருடம் கழித்துக் கொடுப்பதற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள்.

ஆனால் என்னைக் கண் தெரியாத பையனாக, கை தவறிய பையனாக நீ ஆக்க முடியாது. நான் பெரிய டிரம் வாசித்தவன். என் கை ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த இரவல் டிரம் பெரிதுதான். விளிம்புக்கு மேலே எனக்கு ஜனம் தெரியவில்லை, மேடை தெரியவில்லை, நீயும் தெரியவில்லை. கோலின் நுனி தெரிந்தது. நீ சுழற்றும்போது வெயில் பட்டு அது மின்னி மின்னி மறைந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டே வந்தேன். அது உயரவில்லை. நீ சொல்வது சரி. அது ஆடிக்கொண்டேதான் இருந்தது. மேலே வெறும் வானமும் அந்த மினுக்கும் மட்டும். கன்னத்தில் முந்தின நாள் அறை அப்படியே இருந்தது. ஓரத்தில் ஜனம் கைதட்ட ஆரம்பித்தது. கைதட்டு யாருக்கு? பூட்ஸ் போட்டவனுக்கு. நான் தெரிந்தேதான் அடித்தேன். இரண்டு அடி. இடைவெளி இல்லாமல்.

எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் இறங்கியது. ஒரு கிளாரினெட்கூட இழுக்கவில்லை. நம் பேண்டு அதைவிடச் சுத்தமாக வேறு எதையும் செய்ததில்லை. அப்புறம் உன் பூட்ஸ் சத்தம் தனியாகப் போனது. நான் அதைக் கேட்டேன். நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, நன்றாகக் கேட்டேன். கேட்பதற்காகத்தான் அடித்தேன்.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் கோல் உயர்ந்தது என்றே சொன்னேன். மாஸ்டரிடம், பையன்களிடம், உன் தங்கையிடம், இந்த மாதம் உன்னிடமும். பல வருடம் சொன்னதில் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மாஸ்டர் தெருமுனையில் என் கையைப் பிடித்திருப்பார் என்கிறாய். நீ சொன்னதை நம்பவில்லை என்று எழுதினேன். நம்புகிறேன். அப்படியானால் நான் இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் பொறுத்திருப்பேனா என்று இந்த ஐந்து நாளாக யோசித்தேன். பொறுத்திருக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டால் உன்னை அந்த ரோட்டில் தனியாக நடக்கவிட எனக்கு வேறு சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆக, உன் உத்தியோகமும் நான் அடித்துக் கொடுத்ததுதான். முப்பத்திரண்டு வருடம் நீ நடந்த நடை என் கையிலிருந்து வந்தது. முழங்கால் வலிக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்.

மலரில் இப்படிப் போடச் சொல்லி இன்று காலை தட்டுக்காரனுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன்:

"கோல் உயரவில்லை. பெரிய டிரம் வாசித்தவர் அது தெரிந்தே, கோபத்தில் இரட்டை அடி அடித்து அணிவகுப்பைக் கெடுத்தார்."

"பள்ளிக்கூட மலர்ல இதெல்லாம் எப்படிப்பா போடறது? சின்னப் பிள்ளைங்க படிக்கும்" என்று அவன் போனில் கெஞ்சினான். படிக்கட்டும் என்றேன். மோட்டார் எரிந்தால் அவர்கள் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரி. வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கைக்கு இதையும் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும், "அந்த ஊதுற பசங்க என்ன பாவம் செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டாள். நாற்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. என் கன்னம் இருந்தது, உன் பூட்ஸ் இருந்தது. நடுவில் அவர்கள் இருந்தது தெரியவே இல்லை. ஆறு மாதம் பள்ளி முடிந்து மைதானத்தில் நின்றார்கள். உதடு வெடித்துப்போய் ஊதினார்கள். புதுச் சீருடையில் அந்த மேடையைத் தாண்டுகிற ஒரு நிமிடம் அவர்களுக்கும் இருந்தது. நான் அடித்தால் நிறுத்த வேண்டும் என்று பழகியிருந்தார்கள். நிறுத்தினார்கள்.

12ஆம் தேதி வருகிறேன் என்கிறாய். அது உன் தங்கை விஷயம். காலை எட்டு மணிக்கு இரண்டாம் மாடி. நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பேன், நீ ஜன்னல் பக்கம் உட்கார். பொன்விழாவுக்கு நான் வர மாட்டேன். நீ போவாய். பழைய ஆட்களில் மிச்சம் இருக்கிறவர்கள் வருவார்கள். அவர்களை உட்கார வைத்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டு. நடுவில் எதையும் விடாதே. உனக்கு இது தண்டனை இல்லை, வேலை.

அந்தப் பேருந்தில் நாற்பத்தொரு பையன்கள் போனோம். என்னைக் கழித்துவிடு, உன்னையும் கழித்துவிடு. முப்பத்தொன்பது பேர். அந்த முப்பத்தொன்பது பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

பெரிய டிரம்